நகங்களுக்கு என்ன தேவை? அன்றாடப் பழக்கங்கள் குறித்த ஒரு மதிப்பாய்வு

வளர்ந்து இடைஞ்சல் செய்யும்போதும் வலிக்கும்போதும்தான் நகத்தைக் கவனிக்கிறோம். மற்ற நேரங்களில் அது நமக்கு ஒரு கருவி. அதைக் கொண்டு பூண்டு உரிக்கிறோம், டப்பா மூடியை நெம்புகிறோம், பார்சலில் ஒட்டிய டேப்பைப் பிய்க்கிறோம். நகம் உடைந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்கிறோம். பொலிவு குறைந்தால் பயோட்டின் மாத்திரை வாங்குகிறோம். பக்கவாட்டில் வீங்கினால் எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகி வைக்கிறோம். இவற்றில் எது பயன் தருகிறது, எது தருவதில்லை, எது தீங்கு செய்கிறது என்பதை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவச் சான்றுகளையும் வீட்டு வழக்கங்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும்போது ஒரு முடிவு தெளிவாகிறது. நகத்துக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டிய பழக்கங்கள் சிலவே, நிறுத்த வேண்டியவைதாம் பல.

நகம் வளரும் விதம்

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. முடியிலும் தோலின் மேலடுக்கிலும் இருப்பது இதே புரதம்தான். நகம் உருவாகும் இடமான நகவேர், நகத்தின் அடிப்பக்கத் தோலுக்குள் மறைந்திருக்கிறது. பெருவிரல் நகத்தின் அடியில் வெளிர்ப் பிறையாகத் தெரிவது அந்த வேரின் முன்பகுதி. வேரில் பிறக்கும் செல்கள் தட்டையாகி, இறுகி, இறந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து முன்னோக்கி நகர்கின்றன. நாம் வெட்டி எறிவது உயிரற்ற பகுதி என்பதால்தான் வலிப்பதில்லை. மேலே எதைத் தடவினாலும் அது நகத்துக்கு ஊட்டமாகப் போய்ச் சேராது என்பதும் இதனால்தான். ஊட்டம் வேருக்கு வரும் இரத்தத்தின் வழியே மட்டுமே கிடைக்கிறது.

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதுப்பிக்க 4 முதல் 6 மாதம் ஆகும். கால் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வேண்டும். நடுவிரல் நகம் வேகமாகவும் சுண்டுவிரல் நகம் மெதுவாகவும் வளரும். வயது ஏற ஏற வேகம் குறையும். வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு கீறல் போட்டு, அது நுனிக்கு வந்து சேரும் காலத்தை 35 ஆண்டுகள் விடாமல் குறித்து வந்தார். அவருடைய 32ஆம் வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டராக இருந்த வளர்ச்சி, 67ஆம் வயதில் 0.095 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. அந்தக் கணக்கை 1980இல் அவர் வெளியிட்டார்.

பீன் கீறல் போட்டுப் பார்த்ததை நம் வீடுகளில் மருதாணி காட்டிவிடுகிறது. ஆடியில் அரைத்து விரல் நுனிகளில் தொப்பி வைத்த மருதாணி, தோலிலிருந்து இரண்டு மூன்று வாரங்களில் மறைந்துவிடும். நகத்தில் ஏறிய சிவப்பு மட்டும் அப்படியே நிற்கும். ஆவணியில் நகத்தின் அடியில் நிறமற்ற மெல்லிய கீற்று தெரியும். அது மாதந்தோறும் அகலமாகி, தீபாவளி நெருங்கும்போது சிவப்பு நுனிப் பகுதியில் மட்டும் மிஞ்சியிருக்கும். மார்கழிக்குள் நகவெட்டி அதையும் எடுத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு செய்திகளைக் கொள்ள வேண்டும். இன்று வேரில் பட்ட அடி பல வாரங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். இன்று தொடங்கும் நல்ல பழக்கத்தின் பலனும் மூன்று நான்கு மாதங்கள் கழித்தே தெரியும். பத்து நாளில் நகத்தை மாற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் எந்தப் பொருளையும் நம்ப வேண்டியதில்லை.

ஈரமும் சோப்பும்

நகம் உடைவதற்கும் ஏடு ஏடாகப் பிரிவதற்கும் அன்றாட வாழ்வில் முதற்காரணம் தண்ணீர். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் நகம் தோலைவிட வேகமாகத் தண்ணீரை உள்ளே விடும். ஊறும்போது உப்பி, காயும்போது சுருங்கும். ஒருநாளில் இருபது முறை ஊறி இருபது முறை காய்ந்தால், படிந்திருக்கும் அடுக்குகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்கிறது. பாத்திர சோப்பும் துணி சோப்பும் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுவதால் சிதைவு விரைவாகிறது. இந்தத் தொல்லை பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. காலையில் அரிசி களைவதில் தொடங்கி, பாத்திரம், துணி, காய்கறி, மாவரைத்த கிரைண்டர், இரவில் அடுப்பு மேடை என்று ஈரத்தில் கிடக்கும் வேலைகள் நம் வீடுகளில் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன.

வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் கடுமை. உணவகங்களில் நாள் முழுதும் தட்டு கழுவுவோர், இறால் உரிப்போர், மீன் அரிவோர், நாற்று நடுவோர், சலவைத் தொழிலாளர், செவிலியர் ஆகியோரின் நகங்கள் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. சித்தாள் வேலை செய்வோருக்கு ஈரத்துடன் சிமெண்டின் காரமும் சேர்கிறது. சிமெண்டில் உள்ள குரோமியம் பலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும்.

இதற்கான தீர்வு எளியது, செலவும் குறைவு. பாத்திரங்களை ஒவ்வொன்றாக நாள் முழுதும் கழுவாமல் சேர்த்துவைத்து ஒன்றிரண்டு தடவையில் முடிக்கலாம். கழுவும்போது ரப்பர் கையுறையும் அதற்குள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் போடுவது நல்லது. வெறும் ரப்பர் மட்டும் என்றால் வியர்வையில் கை உள்ளேயே ஊறிவிடும். கையுறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். வேலை முடிந்ததும் விரல் இடுக்குகளையும் நகக்கண்களையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கை லேசாக ஈரப்பதத்துடன் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி நகத்தின் மீதும் சுற்றிலும் தேய்த்துவிட வேண்டும். இவை நகத்துக்கு ஊட்டம் தருவதில்லை. இருக்கும் ஈரப்பதம் சட்டென்று வெளியேறாமல் தடுக்கின்றன. அது போதும். விலை உயர்ந்த நக எண்ணெய்களின் வேலையும் இதுதான். சானிடைசரை அடிக்கடி பயன்படுத்துவோரும் இரவில் இப்படிச் செய்யலாம். சேற்றில் இறங்கி நாற்று நடுவோரைக் கையுறை போடச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் தடவுவதை அவர்கள் தவறாமல் செய்யலாம்.

வெட்டும் முறை

கையில் இருக்கும் கிருமிகளில் பெரும்பகுதி நகத்தின் நுனிக்கும் அதன் கீழுள்ள சதைக்கும் இடைப்பட்ட இடுக்கில்தான் தங்குகிறது. கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. மருத்துவப் பணியாளர்கள் நகத்தின் நுனியை 0.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக வைத்திருக்க வேண்டும், செயற்கை நகம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1997, 98ஆம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவொன்றில் சூடோமோனாஸ் கிருமி பரவியதை ஆராய்ந்தவர்கள், பணியாளர்களின் நீண்ட நகங்களுக்கும் அந்தப் பரவலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கண்டார்கள். பள்ளியில் வாரந்தோறும் கையை நீட்டச் சொல்லி நகம் பார்க்கும் ஆசிரியரின் கண்டிப்புக்குப் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது.

நகம் வெட்டக் குளித்து முடித்த நேரம் ஏற்றது. அப்போது நகம் மென்மையாக இருக்கும், பிளவுபடாது. கைவிரல் நகத்தை விரல் நுனியின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைத்து வெட்டலாம். கால் நகத்தை நேராக மட்டுமே வெட்ட வேண்டும். கால் பெருவிரல் நகத்தின் ஓரத்தைத் தோண்டி வளைத்து வெட்டினால் மூலையில் ஒரு சிறு முள் மிஞ்சும். வளர வளர அது சதைக்குள் குத்தி வீக்கமும் சீழும் உண்டாக்கும். இறுக்கமான ஷூ அந்தத் தொல்லையைப் பெரிதாக்கும். வெட்டிய பின் சொரசொரப்பை அரத்தால் ஒரே திசையில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். முன்னும் பின்னுமாக அறுப்பதுபோல் தேய்த்தால் நுனி பிரியும். நகத்தின் ஓரத்தில் தோல் உரிந்து நின்றால் பல்லால் இழுக்காமல், நகவெட்டியால் ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

நகவெட்டி ஆளுக்கொன்று இருப்பது நல்லது. ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆகவே ஊரெல்லாம் பயன்படுத்தும் பிளேடிலும் நகவெட்டியிலும் உள்ள ஆபத்தைச் சிறிதென்று எண்ண முடியாது. கைக்குழந்தைக்குத் தூங்கும்போது, முனை மழுங்கிய சிறு கத்தரியால் வெட்டலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கால் நகத்தைத் தாமே வெட்டிக்கொள்ளாமல், கண்பார்வை நன்றாக உள்ள வேறொருவரை வெட்டச் சொல்ல வேண்டும்.

விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்ற பாட்டியின் சொல்லுக்கு, சிமினி விளக்கும் கத்தியும் இருந்த காலத்தில் நல்ல பொருள் இருந்தது. செவ்வாய், வெள்ளி பார்ப்பதற்கும் நக நலத்துக்கும் தொடர்பு இல்லை. வாரத்துக்கு ஒருநாள் தவறாமல் வெட்டுவதுதான் கணக்கு.

நகக்கண்ணும் நகச்சுற்றும்

நகத்தின் அடிவிளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை அழகு நிலையங்களில் க்யூட்டிக்கிள் என்கிறார்கள். அதைப் பின்னுக்குத் தள்ளி வெட்டி எடுப்பது மேனிக்யூரின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் நகத்துக்கும் தோலுக்கும் இடைப்பட்ட பிளவை மூடிக் காப்பது அந்தத் தோல்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரும் சோப்பும் கிருமியும் நேரே நகவேர் இருக்கும் இடம்வரை போகும். மேனிக்யூர் செய்துகொள்வோர் அதை வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைச் சொல்ல எந்தத் தயக்கமும் தேவையில்லை.

நகச்சுற்று இரு வகைப்படும். ஒன்று திடீரென வருவது. தோல் கிழிந்த இடத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி புகுந்து, இரண்டொரு நாளில் சிவந்து, விண்விண்ணென்று தெறித்து, சீழ் கோக்கும். தொடக்கத்திலேயே கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பதினைந்து நிமிடம் வீதம் நாளைக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து எடுத்து உலர்த்தினால் பலருக்கு அடங்கிவிடும். எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகினால் குளிர்ச்சியாக இருக்கலாம். அது கிருமியை ஒழிக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கிழிந்த தோலில் அமிலம் பட்டு எரிச்சல்தான் கூடும். சீழ் கட்டிவிட்டால் ஊக்கால் குத்தக் கூடாது, மருத்துவரே அதை வெளியேற்ற வேண்டும். விரலில் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம், அதைக் கீறவே கூடாது.

இன்னொன்று நாள்பட்டது. ஆறு வாரத்துக்கும் மேலாக நகத்தைச் சுற்றித் தோல் உப்பியே இருக்கும். க்யூட்டிக்கிள் காணாமல் போயிருக்கும். நகத்தின் மேல் குறுக்கே மேடுபள்ளம் தெரியும். இதைப் பூஞ்சை நோய் என்றே நீண்டகாலம் கருதி மாத்திரை கொடுத்து வந்தார்கள். ஈரமும் சோப்பும் உண்டாக்கும் தோல் அழற்சியே இதற்கு அடிப்படை, பூஞ்சை பிறகு வந்து குடியேறுவது என்பதே இன்றைய புரிதல். அழற்சியைத் தணிக்கும் களிம்பு, பூஞ்சை மாத்திரையைவிட நன்றாக வேலை செய்வதாக 2002இல் இத்தாலியத் தோல் மருத்துவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆனால் கையை ஈரத்திலிருந்து விலக்காமல் எந்த மருந்தும் நிலைக்காது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு இதற்கு விடை ஆகாது.

நகம் தடித்து மஞ்சளாகிப் பொடிந்தால் எல்லோரும் பூஞ்சை என்றே நினைக்கிறோம். சொரியாசிஸும் பழைய காயமும் இதே தோற்றத்தைத் தரும். நகத்தின் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்த பிறகே வாரக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையைத் தொடங்க வேண்டும்.

நகம் கடித்தல்

பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு இந்தப் பழக்கம் இருப்பதாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும், பதின்பருவத்தில் கூடும், பிறகு பலருக்குக் குறையும். சலிப்பு, பதற்றம், பசி, ஆழ்ந்த யோசனை எல்லாமே தூண்டுதல்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில், உடலின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பக் குறிவைக்கும் பழக்கங்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது.

விளைவுகள் நகத்தோடு நிற்பதில்லை. வேர்வரை கடித்தால் நகம் நிரந்தரமாகக் குட்டையாகலாம். முன்பற்களின் விளிம்பு தேயும். பிள்ளைகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சியின் முட்டைகள், சொறியும்போது நகத்தடியில் சேர்ந்து, கடிக்கும்போது வாய்க்குத் திரும்பிப் போகும். இந்தச் சுழற்சி உடையாமல் பூச்சி மருந்து மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. அந்த மாத்திரையுடன் குட்டையாக வெட்டிய நகமும் சேர வேண்டும்.

விரலில் வேப்பெண்ணெய் தடவுவது நம் வீடுகளின் மருந்து. கசப்பு, அறியாமல் வாய்க்குப் போகும் கையை நினைவூட்டி நிறுத்தும், அந்த அளவுக்கு உதவும். எண்ணெய் உள்ளே போகக்கூடும் என்பதால் கைக்குழந்தைகளுக்கு அது வேண்டாம். நிலைத்த பலனுக்கு, அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி இன்றும் முன்நிற்கிறது. அதில் முதற்படி, எப்போது கடிக்கிறோம் என்பதைக் கவனித்துக் குறிப்பது. அடுத்தது, கை எழும்போதே அதற்கு வேறொரு வேலை கொடுப்பது. மூன்று நிமிடம் விரல்களை இறுக மடக்கி வைக்கலாம், பென்சிலைப் பற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, வீட்டார் திட்டாமல் ஊக்கம் கொடுப்பது. பிறர் முன்னால் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் பழக்கத்தைக் கூட்டும். பெற்றோர் முதலில் கைவிட வேண்டியது அந்தத் தட்டைத்தான்.

பூச்சும் ஜெல்லும் மருதாணியும்

சாதாரண நெயில் பாலிஷ் நகத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அதை அகற்றும் திரவம்தான் கெடுக்கிறது. அசிட்டோன் நகத்தின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அதைப் பயன்படுத்தாமல், பயன்படுத்திய பின் கையைக் கழுவி எண்ணெய் தடவினால் பாதிப்பு குறையும். அடர்நிறப் பூச்சு இடைவிடாமல் இருந்தால் நகம் மஞ்சளாகும். சில வாரங்கள் பூச்சில்லாமல் விடுவது நகத்துக்கும் நல்லது, நகத்தில் ஏதேனும் மாற்றம் இருந்தால் கண்ணில் படவும் உதவும்.

ஜெல் பூச்சு வேறு வகை. புற ஊதா விளக்கில் காட்டினால்தான் அது இறுகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் அந்த விளக்கொளியில் 20 நிமிடம் இருந்தபோது 20 முதல் 30 விழுக்காடு இறந்தன. தட்டிலுள்ள செல்லும் உயிருள்ள விரலும் ஒன்றல்ல. இதனால் புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிறுவவும் இல்லை. ஆனாலும் விளக்கில் கை வைப்பதற்கு முன் சன்ஸ்கிரீன் தடவுவதும், விரல் நுனி மட்டும் திறந்த கையுறை போடுவதும் எளிய காப்பு. அதைவிட அன்றாடச் சிக்கல் ஒவ்வாமை. ஜெல்லிலும் ஒட்டு நகத்திலும் உள்ள அக்ரிலேட் இறுகுமுன் தோலில் பட்டால் சிலருக்கு வாழ்நாள் ஒவ்வாமை தொற்றிக்கொள்ளும். பல் அடைப்பிலும் மருத்துவப் பிளாஸ்திரிகளிலும் இதே குடும்பத்து வேதிப்பொருட்கள் இருப்பதால் பிற்காலச் சிகிச்சையையும் அது பாதிக்கலாம். ஜெல்லை இறுக்கப் பயன்படும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. வீட்டில் தாமாகவே ஜெல் போட்டுக்கொள்வதையும், பூச்சைப் பிய்த்து உரிப்பதையும் அறவே விட வேண்டும். பிய்க்கும்போது நகத்தின் மேலடுக்கும் கூடவே வந்துவிடுகிறது.

இலையை அரைத்து இடும் மருதாணி இவற்றில் மிகப் பாதுகாப்பானது. அதிலுள்ள லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு பிணைந்து நிறம் தருகிறது. இரண்டு எச்சரிக்கைகள் போதும். கறுப்பு மருதாணி என்று விற்கும் கோன்களில் பிபிடி என்ற தலைச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கலாம், அது கொப்புளமும் தழும்பும் உண்டாக்கும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால் கைக்குழந்தைகளுக்கு இடாமல் இருப்பது நல்லது. நெயில் பாலிஷோ ஜெல் பூச்சோ இருந்தால், அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது அதை அகற்றிவிட வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியின் அளவை அது பிசகச் செய்யும்.

உணவும் மாத்திரையும்

நகம் உடைந்தால் கால்சியம் குறைவு என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, மிகத் தவறானதும்கூட. நகத்தில் கால்சியம் மிகச் சிறிய அளவே உண்டு. அதன் உறுதி கெரட்டின் இழைகளைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளிலிருந்து வருகிறது. வெள்ளைப் புள்ளிகளும் கால்சியக் குறைவால் வருவன அல்ல. பல வாரங்களுக்கு முன் நகவேரில் பட்ட, நாமே மறந்துபோன சிறு இடிதான் பெரும்பாலும் காரணம். அந்த வெள்ளையைப் பூ என்று கொண்டாடி, பறக்கும் கொக்குகளைப் பார்த்து நகத்தை உரசிக் கேட்டும், பூ விழுந்தால் புதுத்துணி கிடைக்கும் என்று மகிழ்ந்தும் வளர்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு. அந்த மகிழ்ச்சியே சரியான மருத்துவம், அதற்கு மாத்திரை தேவையில்லை. நகங்களை ஒன்றோடொன்று உரசினால் தலைமுடி வளரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பயோட்டினுக்கு ஓரளவு சான்று உண்டு. நாளைக்கு 2.5 மில்லிகிராம் வீதம் சில மாதங்கள் கொடுத்தபோது உடையும் நகம் சிலருக்குத் தடித்ததாக 1990ஐ ஒட்டிய சில சிறிய ஆய்வுகள் கண்டன. ஆனால் ஆட்கள் குறைவு, ஒப்பீடும் போதாது. நம் அன்றாடத் தேவை 30 மைக்ரோகிராம். முட்டை, நிலக்கடலை, பருப்பு உண்பவருக்கு அது கிடைத்துவிடும். மாத்திரையில் மறைந்திருக்கும் ஆபத்து வேறு. அது இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் திரித்துவிடும். தைராய்டு அளவுகளும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவும் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. பயோட்டின் எடுப்பவர் எந்தப் பரிசோதனைக்கு முன்பும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டில் நகத்தோடு நேரே தொடர்புள்ள ஊட்டக் குறை இரும்புச்சத்துதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இரும்புக் குறைவு முற்றும்போது நகம் மெலிந்து, தட்டையாகி, நடுவில் குழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்குமளவுக்குப் பள்ளமாகும். கீரை, கேழ்வரகு, பயறு, மீன், ஈரல், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்த சாப்பாடு வேண்டும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். இரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது, இரும்பு மாத்திரை வேண்டும். நகத்துக்கு அழகு மாத்திரை வாங்கும் பெண்கள் அதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது பன்மடங்கு பயனுள்ளது.

நகம் தரும் எச்சரிக்கைகள்

மாதம் ஒருமுறை, பூச்சில்லாத நகங்களை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதையும் ஒரு பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வயதானால் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தோன்றுவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. எல்லா நகங்களிலும் ஒரே மட்டத்தில் குறுக்குப் பள்ளம் தெரிந்தால், சில மாதங்களுக்கு முன் வந்த கடுங்காய்ச்சலோ பெரிய நோயோ நகவேரின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறது என்று பொருள். பிரெஞ்சு மருத்துவர் ஜோசஃப் போ 1846இல் இதை விவரித்தார். கை, கால், வாயில் கொப்புளம் வரும் வைரஸ் காய்ச்சல் தணிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு நகம் அடியிலிருந்து கழன்று விழும். பார்க்கப் பதறினாலும் வலி இருக்காது, புதுநகம் தானே முளைத்துவிடும்.

மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள் வேறு. விரல் நுனி பருத்து நகம் கவிழ்ந்து வளைந்தால் நுரையீரலையோ இதயத்தையோ பரிசோதிக்க வேண்டியிருக்கும். இரு கையின் ஒரே விரல்களை நகத்தோடு நகம் ஒட்டவைத்துப் பாருங்கள். நகங்களின் அடியில் சிறிய சாய்சதுர இடைவெளி தெரிய வேண்டும். அது மறைந்திருந்தால் கவனம் தேவை என்பது தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத் 1976இல் தம் விரல்களிலேயே கண்டு சொன்ன சோதனை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கறுப்புக் கோடு. நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்குப் பல விரல்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி, அகலமாகிக்கொண்டே போய், கறுப்பு நிறம் அருகிலுள்ள தோலுக்கும் பரவினால் அது மெலனோமா புற்றாக இருக்கலாம். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது அந்தப் புற்றுதான். 1981 மே 11 அன்று, 36ஆம் வயதில் அவர் இறந்தார். அடிபட்டு நகத்தடியில் கட்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகர்ந்துவிடும். நகராமல் அதே இடத்தில் நிற்கும் கறுப்பைத் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

முடிவாக

இத்தனையையும் தொகுத்தால் நக நலத்துக்கு உறுதியான சான்றுள்ள பழக்கங்கள் ஐந்துதான். கையை உலர வைத்து எண்ணெய் தடவுவது, வாரம் ஒருமுறை சொந்த நகவெட்டியால் குட்டையாக வெட்டுவது, க்யூட்டிக்கிளைத் தொடாமல் விடுவது, நகத்தைக் கருவியாக்காமலும் கடிக்காமலும் இருப்பது, மாதம் ஒருமுறை உற்றுப் பார்ப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நகவெட்டி, ஒரு சோடிக் கையுறை, வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய். கால்சியம் மாத்திரையும் எலுமிச்சம்பழமும் இந்தப் பட்டியலில் சேரவில்லை.

ஆனால் இந்தப் பழக்கங்கள் எல்லோர் கைக்கும் எட்டுவதில்லை. அடுத்தவர் வீட்டிலும் உணவகத்திலும் மீன்கூடத்திலும் கட்டடத்திலும் ஈரத்தில் கை ஊறி உழைப்பவர் தம் சம்பளத்தில் கையுறை வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை. வேலை தருபவர் துடைப்பமும் வாளியும் வாங்கித் தருவதுபோல் கையுறையும் வாங்கித் தர வேண்டும், கிழிந்தால் மாற்றித் தர வேண்டும். வீட்டிலும் ஈர வேலையை ஒருவர் கையிலேயே விடாமல் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதை வாசிக்கும் நீங்கள் இன்றே உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் கைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த விரல்களுக்குத் தேவையானதைச் செய்யுங்கள்.